என் பொறுப்பில் வந்த புருஷன்

கார் நிக்கோபாரில் நர்சாக இருந்த காலத்தில் என் புருஷனை அங்கே வரவழைக்க நான் பட்ட பாட்டை நினைத்தால், இரண்டு பிள்ளைகளைப் பெற்றது அதைவிடச் சுலபம். பிள்ளைப்பேற்றுக்காவது பத்தாம் மாதத்தில் ஒரு முடிவு தெரிந்துவிடும்.

எங்களுக்குத் திருச்செந்தூர் போகிற சாலையில் ஒரு சின்ன ஊர். அவர் அங்கே வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். கடை ஓடியது. ஆனால் சைக்கிளைப் போலவே, மிதித்துக்கொண்டே இருந்தால்தான் ஓடும். நான் கல்யாணத்துக்கு முன்பே நர்ஸ் படிப்பு முடித்தவள். அறுபதுகளின் பின்பாதியில், அந்தமானுக்கு நர்சுகள் தேவை என்று பேப்பரில் வந்த விளம்பரத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தவரே அவர்தான்.

"ஏட்டி, நீ போ. ரெண்டு வருசம் இருந்து பாரு. அதுக்குள்ள கடையை ஒரு நெலைக்குக் கொண்டாந்துட்டு, நானே வந்து ஒன்னயும் பிள்ளைகளையும் கூட்டிட்டு வந்துருதேன்" என்றார்.

கைப்பிள்ளையாக மகன், கையைப் பிடித்தபடி மகள், ஒரு டிரங்குப் பெட்டி. இவ்வளவுதான் சென்னையில் கப்பலேறியபோது என் குடும்பம். போர்ட் பிளேரில் மரைன் ஹில்லில் இன்னொரு நர்சோடு சில மாதங்கள் இருந்தேன். பிறகு கார் நிக்கோபார் ஆஸ்பத்திரிக்குப் போட்டார்கள். அங்கே யாரும் விரும்பிப் போவதில்லை என்றார்கள். நான் விரும்பிப் போகவில்லைதான், ஆனால் போன பிறகு விரும்பிவிட்டேன்.

கால் வைத்து நிற்கும் மரவீடு, தகரக் கூரை, இரண்டு அறை, வாசலில் இறங்கினால் வெள்ளை மணல். சாயங்காலமானால் நிக்கோபாரிகள் தேங்காயை உடைத்துப் போட்டுப் பன்றிகளைக் கூப்பிடுவார்கள். காட்டுக்குள்ளிருந்து அவை ஓடிவருகிற சத்தத்தில் என் மகன் கைதட்டிச் சிரிப்பான். ஆஸ்பத்திரியில் என்னோடு வார்டில் உதவிக்கு ஒரு நிக்கோபாரிப் பெண் இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். எனக்கு இந்தி வந்தது அவளால்தான். ஆண்பால் பெண்பால் பார்க்காத தீவு இந்தி. வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் நிக்கோபாரியும் எல்லோரும் அதில்தான் சண்டையும் போடுவார்கள், சமாதானமும் ஆவார்கள்.

இரண்டு வருஷம் போனது. அவர் வரவில்லை. கடை ஒரு நிலைக்கு வரவில்லை என்று கடிதம் வந்தது. எனக்கோ வேலை நிரந்தரமாகிவிட்டது. மகள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, நிக்கோபாரிப் பிள்ளைகளோடு கடலில் கிடந்து கறுத்து மினுங்கினாள். ஊரில் குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டிய எனக்கு இங்கே மூச்சு விட இடம் கிடைத்திருந்தது. திரும்பிப் போக மனமில்லை.

ஒரே ஒரு குறை. கப்பல் வரும்போதெல்லாம் அவரிடமிருந்து ஏதாவது வரும். ஒருமுறை கருப்பட்டி, ஒருமுறை பிள்ளைகளுக்குச் சட்டை, ஒருமுறை முறுக்கு, அதுவும் வந்து சேரும்போது மாவாக. பார்சலைப் பிரித்து "அப்பா அனுப்பியிருக்கார்" என்பேன். மகனுக்குப் பேச்சு வந்தபோது, கப்பலில் வந்த சாமான் எதைப் பார்த்தாலும், அது பக்கத்து வீட்டு அரிசி மூட்டையாக இருந்தாலும், "அம்மா, அப்பா வந்திருக்கு" என்று கத்த ஆரம்பித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குள் வந்து அழுதேன்.

பிள்ளைகளுக்கு அப்பா வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மைதான். எனக்கு என் புருஷன் வேண்டும் என்பது அதைவிடப் பெரிய உண்மை. அதை யாரிடம் சொல்வது? அவருக்கே எழுதினேன். 'நீங்கள் வந்து எங்களைக் கூட்டிப்போக வேண்டாம். நீங்கள் இங்கே வாருங்கள்' என்று. பதிலுக்கு மழை பெய்ததையும், குளம் நிறைந்ததையும், சைக்கிள் டயர் விலை ஏறியதையும் எழுதினார். அடுத்ததற்கும் அப்படியே. சில கப்பல்கள் கழித்து, எந்த முன்னுரையும் இல்லாமல் ஒரு வரி வந்தது. 'கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டேன். பாஸ் வாங்கு.'

பாஸ் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். அந்தத் தீவு நிக்கோபாரி மக்களுடையது. வெளியாட்கள் வந்து அவர்கள் நிலத்தை வளைத்துவிடக் கூடாது என்று சட்டம். நல்ல சட்டம், அதில் எனக்கு அன்றும் குறையில்லை, இன்றும் இல்லை. வெளியாள் கரையில் கால் வைக்க பாஸ் வேண்டும். அங்கே அரசாங்க வேலையில் இருப்பவர் தன் குடும்பத்துக்கு பாஸ் கேட்கலாம். அப்படி வந்தவர்கள் அங்கே கடை வைக்கக் கூடாது, கூலிக்குப் போகக் கூடாது. அவர்களுடைய சோறு, துணி, நடத்தை எல்லாவற்றுக்கும் கூப்பிட்டவரே பொறுப்பு. தீவு இந்தியில் அதற்கு ஜிம்மேதாரி என்று பெயர்.

அலுவலகத்தில் ஹெட் கிளார்க் நம் ஆள், தஞ்சாவூர்ப் பக்கம். நம் ஆள் இருக்கிறார், காரியம் சுலபமாக முடியும் என்று நம்பிப் போனேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது அங்கேதான் புரிந்தது.

"யாருக்கு பாஸ், சிஸ்டர்?"

"வீட்டுக்காரருக்கு."

"அவரு கவர்மென்டா?"

"இல்லை. நான்தான் கவர்மென்ட்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "பாருங்க சிஸ்டர், பாஸ் குடும்பத்துக்குத்தான். குடும்பம்னா பொண்டாட்டி, புள்ளைங்க. புருஷன் எப்படிம்மா குடும்பத்துல வருவாரு?"

"அவர் வராம குடும்பம் எப்படி சார் வந்துச்சு?" என்றேன். என் வாய் அப்படி. பக்கத்து மேசையில் இருந்த மலையாளி டைப்பிஸ்ட் தட்டுவதை நிறுத்திவிட்டுக் குனிந்துகொண்டார்.

ஹெட் கிளார்க்குக்குக் கோபம் வரவில்லை. எனக்காக வருத்தப்பட்டார், அதுதான் எனக்கு ஆத்திரம். "உத்தியோகம் புருஷ லட்சணம்பாங்க. அவரு இங்க வந்து என்னம்மா பண்ணுவாரு? வேலைக்கும் போவக்கூடாது. உங்க சம்பளத்துல உக்காந்து சாப்பிடணும். நாலு பேரு என்ன பேசுவாங்க?"

அந்த நாலு பேரை நான் வாழ்க்கையில் சந்தித்ததே இல்லை. எங்கே போனாலும் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரியும். அதிகாரியையே பார்க்கிறேன் என்று நின்றேன். அவர் வடக்கே எங்கேயோ மலைநாட்டுக்காரர், நிதானமான மனிதர். விதியைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு சிரித்தார். குடும்பத்தில் புருஷன் சேர்த்தி இல்லை என்று இதில் எங்கேயும் எழுதவில்லை, இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான் என்றார். "ஜிம்மேதாரி ஆப்கா" என்றார். பொறுப்பு உங்களுடையது என்று அர்த்தம். ஆமாம் சாகிப், என்னுடையது என்று கையெழுத்துப் போட்டேன். ஒருவருடைய சோற்றுக்கும் நடத்தைக்கும் பொறுப்பு என்று நான் போட்ட கையெழுத்து அது. கல்யாணத்தின்போது என்னிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

சம்மதம் போர்ட் பிளேருக்குப் போனது. அங்கே என் புருஷனை இரண்டொரு கேள்வி கேட்டுவிட்டு பாஸைக் கையில் கொடுப்பார்கள் என்றார்கள். நான் வீட்டுக்கு வந்து தெருவெல்லாம் சொன்னேன். தெரு என்று ஒன்று கிடையாது, தென்னை மரங்கள்தான். மரத்துக்கு மரம் சொன்னேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

என் சந்தோஷம் எல்லோருக்கும் புரிந்தது. ஹெட் கிளார்க்கின் வருத்தம்தான் என் நிக்கோபாரித் தோழிக்குப் புரியவே இல்லை. அவர்களில் கல்யாணமானால் பெண்தான் வீடு மாற வேண்டும் என்று கிடையாது. எந்த வீட்டில் ஆள் குறைவோ, அந்த வீட்டுக்கு மற்றவர் போவார். அவள் வீட்டில் ஆள் குறைவு, அதனால் அவள் புருஷன் அங்கே வந்துவிட்டான். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதன். தென்னை ஏறுவான், பன்றிக்குத் தீனி வைப்பான், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பான். "உன் வீட்டில் ஆள் குறைவு. அவன் வருகிறான். இதில் பேச என்ன இருக்கிறது?" என்றாள்.

கப்பல் கரைக்கு வராது. தள்ளி நிற்கும், படகில் இறக்கிக் கொண்டுவருவார்கள். அவர் வந்த படகு அலையில் ஏறி இறங்குவதைப் பார்த்தபடி பிள்ளைகளோடு கரையில் நின்றேன். முழங்கால் வரை வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கையில் முருங்கைக் குச்சிக் கட்டு, தோளில் சைக்கிள் பம்ப். கடை வைக்கக் கூடாத ஊருக்கு பம்ப் எதற்கு என்று கேட்க நினைத்தேன். அதற்குள் மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். மகன் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அவரை ஏற இறங்கப் பார்த்து, "இது பேசுமா?" என்று கேட்டான்.

கரையில் போலீஸ்காரர் பாஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "அடுத்த கப்பல் வரைக்கும்தான் இருக்கிறது" என்று இந்தியில் சொன்னார். அவருக்குத் தப்பாகத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். வாங்கி நான் பார்த்தேன். அடுத்த கப்பல் வரைக்கும்தான் இருந்தது.

வீட்டில் சோறு போட்டு, அவர் கை கழுவும் வரை பொறுத்திருந்தேன். பிறகு கேட்டேன்.

"போர்ட் பிளேர்ல என்ன சொன்னீங்க?"

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

"எதுக்குப் போறன்னு கேட்டாங்க. பெஞ்சில நம்மூர் ஆளுக நாலஞ்சு பேரு உக்காந்திருந்தாங்கட்டி. எல்லாம் வேலைக்கு வந்தவங்க. அதுல ஒருத்தன் ஆறுமுகநேரிக்காரன், என் கடையில சைக்கிள் எடுத்தவன். அவன் முன்னாடி எப்படிச் சொல்லுவேன், பொண்டாட்டி வீட்டுல இருக்கப் போறேன்னு?"

"அதுக்கு?"

"பொண்டாட்டி பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிட்டு வரப் போறேன்னு சொல்லிட்டேன்."

கல்லானாலும் கணவன் என்பார்கள். கல்லாக இருந்திருந்தால் அன்றைக்குத் தூக்கிக் கடலில் எறிந்திருப்பேன். நான் தலைகீழாக நின்று வாங்கிய சம்மதத்தை, வாடகைச் சைக்கிள் எடுத்த ஒருவன் முன்னால் மீசையில் மண் ஒட்டக் கூடாது என்று இவர் ஒரு வார்த்தையில் தொலைத்துவிட்டு வந்திருக்கிறார். கூட்டிப்போக வருகிறவருக்கு எதற்கு நீண்ட பாஸ்? வந்த கப்பல் திரும்பி வரும் வரை கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை.

அதோடு நிற்கவில்லை. இரண்டு நாள் கழித்து டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "சிஸ்டர், வேலையை விட்டுப் போகிறீர்களாமே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று வருத்தமாகக் கேட்டார். செய்தி என்னைவிட வேகமாக நடந்திருந்தது.

ஹெட் கிளார்க்கிடம் ஓடினேன். இந்த முறை அவர் அலையவைக்கவில்லை. என் புருஷனே நேரில் வந்து அதிகாரி முன்னால், சொன்னது தப்பு, நான் இங்கே இருக்க வந்தவன், மனைவியைச் சார்ந்து இருப்பவன் என்று சொன்னால் பாஸை மாற்றலாம் என்றார். கப்பல் வருவதற்குள் சொல்லாவிட்டால் ஏறியே ஆக வேண்டும். ஏறிவிட்டால், ஒருமுறை ஒன்று சொன்னவருக்கு மறுமுறை பாஸ் கிடைப்பது கஷ்டம். "ஆனா சிஸ்டர், எந்த ஆம்பளைம்மா இதை வாய்விட்டுச் சொல்லுவான்?" என்றார். அந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது.

வீட்டில் சொன்னேன். "நாளைக்குப் போவோம்" என்றார். அடுத்த நாளும் அதுவே. அதற்கு அடுத்த நாள் மழை. அதற்கு அடுத்த நாள் மழை இல்லை, ஆனாலும் நாளைக்கு.

இதற்கிடையில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அவருக்குத் தெரிந்ததோ என்னவோ, எனக்குத் தெரிந்தது. அவர் அந்த வீட்டுக்குப் பழகிக்கொண்டிருந்தார். முதல் நாள் பன்றிகள் ஓடிவந்தபோது வீட்டுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்ட மனிதர், பத்து நாளில் பன்றிகளுக்குப் பெயர் வைத்திருந்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனதும் உலை வைப்பார். முதலில் குழைந்தது, பிறகு வேகாமல் இருந்தது, பிறகு சோறாக வந்தது. மகனைக் குளிப்பாட்டுவார். மகளுக்கு ஜடை பின்னப் பழகினார். சைக்கிள் செயின் மாட்டுகிறவருக்கு ஜடை என்ன பெரிய விஷயம் என்று அவளே எனக்குச் சொன்னாள். பதிலுக்கு அவள் அவருக்கு இந்தி கற்றுக்கொடுத்தாள். தப்பாகச் சொன்னால் முட்டியில் அடிப்பாள்.

தோழியின் புருஷனுக்கும் இவருக்கும் எப்படியோ சிநேகமாகிவிட்டது. அந்தத் தீவு பூராவும் தட்டையான தரை. நிக்கோபாரிகளுக்குச் சைக்கிள் என்றால் உயிர். அவனுடைய சைக்கிளில் பெடல் கழன்று கிடந்ததை இவர் பார்த்துவிட்டார். கூலி வாங்கினால்தானே தொழில்? இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், ஒருவர் கழற்ற ஒருவர் எண்ணெய் போட, ஒரு சாயங்காலம் முழுவதும் இருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நான் தூரத்தில் நின்று பார்த்தேன். என் புருஷன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை ஊரில் கடை வாசலில்கூட நான் கண்டதில்லை. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இதெல்லாம் இருந்தும் போய்விட்டால்?

ஆனால் சாலை போடுகிற வேலையில் இருந்த தமிழ் ஆட்கள் எதிரே வந்துவிட்டால் மனிதர் மாறிவிடுவார். "அண்ணாச்சி என்ன வேலையா வந்திருக்கீக?" என்று கேட்டால், "சும்மா லீவுல வந்திருக்கேன்" என்பார். யார் கொடுத்த லீவு? இவர் கடைக்கு இவரேதான் முதலாளி.

ஒரு நாள் என் தோழி பலாப்பழம் போன்ற தாழம்பழத்தை வேகவைத்துச் செய்த களியைக் கொண்டுவந்தாள். அவர்களுடைய விருந்துச் சாப்பாடு அது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் தன் இந்தியில் நேராகவே கேட்டாள். மகள்தான் அவருக்குத் தமிழில் சொன்னாள். "அப்பா, உங்க வீடு இங்க இருக்கும்போது நீங்க எந்த வீட்டுக்குப் போறீங்கன்னு கேக்காங்க."

அவர் களியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பதிலுக்காக நிற்கவில்லை, பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் கெஞ்சவில்லை. கெஞ்சி நிறுத்தினால் காலமெல்லாம் அது ஒரு கடனாக வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் என்று தோன்றியது. கப்பல் போர்ட் பிளேரை விட்டுப் புறப்பட்டுவிட்டது என்று சேதி வந்த அன்று, "நாளைக்குக் கப்பல் வருது. உங்க துணியெல்லாம் துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். குரல் உடையாமல் சொல்லிவிட்டேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மறுநாள் காலையில் குளித்து, வேட்டி கட்டி, தலை வாரிக்கொண்டு வந்தார். படகுத் துறைக்குத்தான் கிளம்புகிறார் என்று நினைத்தேன்.

"ஏட்டி, ஆபீசு எந்தப் பக்கம்?" என்றார்.

கப்பல் நாள் என்பதால் அலுவலகத் திண்டெல்லாம் ஆட்கள். பாஸ் முடிந்து போகிறவர்கள், புதிதாக வரப்போகிறவர்களுக்காகக் காத்திருப்பவர்கள். சாலை வேலைத் தமிழர்கள் ஏழெட்டுப் பேர் வராந்தாவில் நின்றார்கள். அந்த நாலு பேரை வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்றேனே, அன்று இரட்டிப்பாக வந்திருந்தார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இவர் சொல்லமாட்டார் என்று அந்த நொடியில் முடிவே செய்துவிட்டேன்.

அதிகாரி இந்தியில் கேட்டார். ஹெட் கிளார்க் தமிழில் சொன்னார். எதற்காக வந்தீர்கள்?

"ஊருக்குக் கூட்டிட்டுப் போக வந்தேன்னு முன்னாடி சொன்னது பொய்யி. இங்க இருக்கத்தான் வந்தேன்."

என்ன வேலை செய்வீர்கள், எப்படிச் சாப்பிடுவீர்கள்?

"வேலை கிடையாது. பொண்டாட்டி சம்பளத்துலதான் சாப்பிடுதேன். இனிமேயும் அப்படித்தான்."

வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஹெட் கிளார்க் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அதிகாரி பக்கம் திரும்பினார். நல்ல மனதோடுதான் செய்தார், இன்றும் அவரைக் குறை சொல்லமாட்டேன். ஒரு ஆம்பிளையின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, கொஞ்ச நாள் மனைவிக்குத் துணையாக இருப்பாராம், ஏதாவது வேலை கிடைத்ததும் அதில் சேர்ந்துகொள்வாராம் என்று இந்தியில் மாற்றிச் சொன்னார்.

அதிகாரியின் புருவம் சுருங்கியது. "வேலையா? இங்கே வேலை தேடி வருகிறவருக்கு பாஸ் கிடையாதே" என்றபடி பாஸை ஓரமாகத் தள்ளினார்.

எனக்கு உயிரே போனது. நான் வாயைத் திறப்பதற்குள் என் புருஷன் மேசைக்கு ஒரு அடி முன்னால் வந்துவிட்டார். ஹெட் கிளார்க் சொன்னதில் 'காம்' என்ற ஒரு சொல் அவருக்குப் புரிந்துவிட்டது. மகள் முட்டியில் அடித்துக் கற்றுக்கொடுத்த இந்தி.

"நஹி சாப்" என்றார். கையை ஆட்டினார். "காம் நஹி. பீவி கமாதா. ஹம் காதா."

வேலை இல்லை. பெண்டாட்டி சம்பாதிக்கிறாள், நான் சாப்பிடுகிறேன். இந்தி தெரிந்தவருக்கும் புரிந்தது, தெரியாதவருக்கும் புரிந்தது. வராந்தாவில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவர் காது மடல் சிவந்துவிட்டது. ஆனால் தலை குனியவில்லை. வராந்தாப் பக்கம் நன்றாகத் திரும்பி நின்றுகொண்டார்.

"சிரிக்கவேண்டியவுக சிரிச்சுக்கிடுங்க. ஊருக்குப் போனா அங்கயும் சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கப் போறேன்."

அதிகாரி சிரிக்கவில்லை. ஹெட் கிளார்க்கிடம் எதுவும் கேட்கவும் இல்லை. பாஸை மறுபடி தன் பக்கம் இழுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிமிர்ந்து என்னிடம், "ஜிம்மேதாரி?" என்றார்.

"மேரா" என்றேன். என்னுடையது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆத்திரத்தில் அழுதிருக்கிறேன், பிரிவில் அழுதிருக்கிறேன். பெருமையில் அழுதது அன்றுதான்.

வெளியே வந்து மணலில் நடந்தோம். கொஞ்ச தூரம் போன பிறகு அவர், "அழாதட்டி, பாக்கிறவுக நான் அடிச்சுட்டேன்னு நெனைக்கப் போறாங்க" என்றார். "நீங்க அடிக்க வேண்டாம், உங்க இந்தியே போதும்" என்றேன்.

எனக்கு மதியத்துக்கு மேல் டியூட்டி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது கப்பல் புறப்படும் சங்கு ஊதியது. கரைக்குப் போகிறவர்கள் எங்கள் வீட்டைத் தாண்டி ஓடினார்கள். மகன் எங்கிருந்தோ ஓடிவந்து வாசற்படியில் கையை விரித்து மறித்துக்கொண்டு உட்கார்ந்தான். யாரோ அவனிடம் சொல்லியிருக்க வேண்டும், அன்றைக்குக் கப்பலில் அப்பா போகிறார் என்று.

நான் உள்ளே பார்த்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி அடுப்பின் முன்னால் குந்தியிருந்தார். சங்கு இரண்டாம் முறை ஊதியபோது, சுளகிலிருந்த அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டு, "ராத்திரி வர எவ்வளவு நேரமானாலும் வந்து இங்கதான் சாப்பிடணும், கேட்டியா?" என்றார்.